ஆறு கட்டங்களும் பீட்டி சாலையும்

2024 நவம்பரில் மகளுக்கு பிஎஸ்எல்இ என்ற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்த அன்று, வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி: "எக்ஸ்பிரஸா, நார்மலா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் புதுக்கோட்டையில் படித்தவள், கல்யாணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து படித்தவர்தான். அவரும் விழித்தார். அவர் காலத்தில் எக்ஸ்பிரஸ் என்ற விரைவுநிலை, நார்மல் என்ற வழக்கநிலை என்று பலகை மாட்டாத குறையாகப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைத்தார்கள். 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அந்தப் பிரிவுகளே கிடையாது. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்படுத்தல் முறை என்று ஒன்று வந்துவிட்டது. ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாத பெயர்.

அத்தைக்கு விளக்குவதற்குள் எனக்கே பாதி புரிந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை. 90க்குக் குறையாமல் எடுத்தால் 1, 20க்குக் கீழே போனால் 8. நான்கு பாடத்தையும் கூட்டினால் மொத்தம் 4இலிருந்து 32க்குள் வரும். குறைவாக இருந்தால்தான் நல்லது. பாப்பாவுக்கு ஆங்கிலம் 5, கணிதம் 6, அறிவியல் 6, தமிழ் 4. ஆக 21. "இருபத்தொண்ணா, பரவாயில்லையே" என்றார் அத்தை, அது கூடினால் நல்லது என்ற நினைப்பில். நான் திருத்தவில்லை. அன்று அந்த ஒரு சந்தோஷமாவது இருக்கட்டும்.

21இலும் 22இலும் ஒரு சிக்கல் உண்டு. 20 வரை எடுத்தவர்கள் மூன்றாம் சேர்க்கைக் குழு, 23உம் 24உம் இரண்டாம் குழு. நடுவில் நிற்கும் இந்த இரண்டு எண்ணுக்கும் எந்தக் குழுவில் சேர்வது என்று நாமே முடிவு செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும்போதுதான் பாரம் தெரிகிறது.

வீட்டுக்காரர் மூன்று என்றார். மூன்று என்றால் பழைய எக்ஸ்பிரஸ் என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு. எனக்குக் கணிதம்தான் பயம். ஆறாம் வகுப்பு முழுக்க அவள் கணிதத் தாளைப் பார்த்து அழுததை அருகில் இருந்து பார்த்தவள் நான். கல்வி அமைச்சின் குறிப்பைத் திரும்பப் படித்தபோது ஒன்று கிடைத்தது: இரண்டாம் குழுவில் சேர்ந்தாலும், அடைவுநிலை 5 அல்லது அதைவிட நன்றாக எடுத்த பாடத்தை ஜி3 நிலையில் படிக்கலாம் (ஜி1, ஜி2, ஜி3 என்று மூன்று பாட நிலைகள், ஜி3தான் கடினமானது). அப்படியானால் ஆங்கிலமும் தமிழும் ஜி3, கணிதமும் அறிவியலும் ஜி2. பிறகு நன்றாகச் செய்தால் மேலே ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களில் எல்லாக் குழுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் கலந்துதான் உட்காருவார்கள். பாப்பாவையே கேட்டோம். "கணக்குக்கு ரெண்டு, தமிழுக்கு மூணு. அதுல என்னம்மா பிரச்சினை?" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

இரண்டாம் குழு என்று முடிவானது. அடுத்தது பள்ளி. விண்ணப்பத்தில் ஆறு கட்டங்கள். நிரப்பச் சில நாள்தான் அவகாசம். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக உள்ளே போய் ஆறு பள்ளியை வரிசைப்படுத்த வேண்டும். அந்த நாட்களில் என் கைத்தொலைபேசி ஓயவில்லை. எந்தப் பள்ளியில் போன வருஷம் கடைசியாக நுழைந்த பிள்ளையின் மதிப்பெண் என்ன என்று வாட்ஸ்அப்பில் ஆளாளுக்குப் பட்டியல் அனுப்பினார்கள். அது போன வருஷத்துக் கணக்கு, இந்த வருஷம் மாறும் என்று பட்டியலின் கீழேயே எழுதியிருந்ததை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. நானும் இரண்டு நாள் அந்தச் சுழலில் கிடந்தேன். இப்போது யோசித்தால் வீண் பொழுது. கட்டாயம் பார்க்க வேண்டிய ஒரு வரியை மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.

அமைச்சின் பள்ளித் தேடல் பக்கத்தில், நாங்கள் முதலில் நினைத்திருந்த பள்ளிக்கு நேரே, தாய்மொழிப் பாடங்கள் என்ற இடத்தில் சீனம், மலாய் என்று மட்டும் இருந்தது. ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று பக்கத்தைப் புதுப்பித்தேன். மறுபடியும் சீனம், மலாய்.

தொடக்கப்பள்ளியில் தமிழ் இருந்ததால் இப்படி ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. எல்லா உயர்நிலைப்பள்ளியிலும் தமிழ் கிடையாது. இல்லாத பள்ளிப் பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் வேறிடம் போய்ப் படிக்க வேண்டும். அப்படிப் போகும் இடங்களில் முக்கியமானது பீட்டி சாலையில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம்.

பெயரைக் கேட்டதும் அத்தை நிமிர்ந்தார். அவருடைய அண்ணன் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியில் படித்தவர். தமிழ்வழியில் உயர்நிலைவரை சொல்லிக்கொடுத்த அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. "அங்க போறதுன்னா போகட்டுமே, நம்ம எடந்தானே" என்றார். நம்ம இடம்தான். ஆனால் அதற்குப் பக்கத்து ரயில் நிலையம் ஃபேரர் பார்க், எங்கள் வீடு இருக்கும் செங்காங்கிலிருந்து வடகிழக்கு ரயில் பாதையில் எட்டு நிறுத்தம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பள்ளியிலிருந்து அங்கே போய், படித்து, திரும்பி வர வேண்டும்.

அதனால் கட்டங்களின் வரிசை மாறியது. முதல் இரண்டு இடத்தில் தமிழ் உள்ள பள்ளிகள். மூன்றாவதில் ஹவ்காங் பக்கம் ஒரு பள்ளி. அங்கே தமிழ் இல்லை, ஆனால் பள்ளியைச் சுற்றிப் பார்க்க விடும் திறந்த இல்ல நாளில் போனபோது பாப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போன இடம். வீட்டிலிருந்து ஒரே பேருந்து. மற்ற மூன்றும் அவள் மதிப்பெண்ணுக்கு நிச்சயம் கிடைக்கக்கூடியவை. எல்லாக் கட்டத்தையும் எட்டாத பள்ளியாக நிரப்பிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பிள்ளைக்குக் கேட்காத பள்ளி வந்தது.

டிசம்பரில் குறுஞ்செய்தி வந்தபோது வேலையிடத்தில் இருந்தேன். மூன்றாம் தெரிவு. வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னதும் அத்தை கேட்டது, "அப்ப பீட்டி ரோடுதானே?"

அதற்கப்புறம் எல்லாம் வேகம். பாடநூல் பட்டியல், சீருடை, படிவங்கள். தொடக்கப்பள்ளியில் குடிமக்களுக்குக் கட்டணம் கிடையாது, இதர கட்டணம் மாதம் 13 வெள்ளிவரை. உயர்நிலையில் கட்டணமும் இதர கட்டணமும் சேர்த்து 25 வெள்ளிவரை. அது பெரிசில்லை. பையைக் கடித்தது புத்தகமும் சீருடையும்தான். சீருடை விற்றவர்களிடம் பாப்பா அளவில் பாவாடை தீர்ந்துவிட்டது. ஜனவரி இரண்டாம் வாரம் வாருங்கள் என்றார்கள். பள்ளி திறப்பதே ஜனவரி 2. "அதுவரை பிள்ளை என்ன போடும்?" என்றேன். கவுண்டரில் இருந்தவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். பள்ளி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, உடற்பயிற்சிச் சட்டையில் வரலாம் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்கள். அங்கே நின்று மல்லுக்கட்டிய அரை மணி நேரத்துக்கு முன்பே அதைக் கேட்டிருக்கலாம்.

பள்ளி நடத்திய பெற்றோர் கூட்டம் நன்றாகவே இருந்தது. வகுப்பாசிரியர்கள், இணைப்பாட நடவடிக்கை, எடுசேவ் என்ற அரசாங்கக் கல்விக் கணக்குப் பணத்தில் வாங்கும் கற்றல் கருவி, அதில் இரவு எத்தனை மணிவரை என்ன திறக்கலாம் என்று பெற்றோர் எடுக்க வேண்டிய முடிவு, எல்லாம் சொன்னார்கள். தமிழ் பற்றி மட்டும் ஒரு வரி: "வெளியில் தாய்மொழி படிப்பவர்களுக்குத் தனியாகத் தகவல் வரும்." வந்தது. முகவரியும் அட்டவணையும். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, இணைப்பாட நடவடிக்கையோடு மோதினால் என்ன செய்வது என்றெல்லாம் அதில் இல்லை. அவர்கள்மீது குறையில்லை. அந்த வருஷம் எங்கள் பள்ளியில் உயர்நிலை ஒன்றில் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்தே பேர்.

அதனால் ஒத்திகை பார்த்தோம். டிசம்பர் கடைசியில் நானும் பாப்பாவும் அத்தையும் பள்ளி வாசலில் தொடங்கி, ஹவ்காங் நிலையத்துக்கு நடந்து, ரயில் ஏறி, ஃபேரர் பார்க்கில் இறங்கினோம். ஹவ்காங்கிலிருந்து ஆறு நிறுத்தம். வெளியே வந்தால் பெருமாள் கோயில் பக்கம், அங்கிருந்து பீட்டி சாலை நடக்கிற தூரம்தான். 2ஆம் எண்ணில் நிலையம், அதே சாலையில் 1ஆம் எண்ணில் சிண்டா, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்களே, அந்தச் சிண்டா. கணிதத்துக்குத் துணைப்பாட வகுப்பு பற்றி அன்றே விசாரித்து வந்துவிட்டேன். பாப்பா வழியில் ஒரு கடையைக் குறித்து வைத்துக்கொண்டாள், பரோட்டாவுக்காக.

ஒத்திகையில் ஒரு தப்பு செய்தோம். விடுமுறையில், பகல் பதினொரு மணிக்குப் போனோம். பேருந்து காலி, ரயில் காலி. ஜனவரி 2ஆம் தேதி காலை ஆறே காலுக்கு, விடியாத இருட்டில், அதே பேருந்து முதல் நிறுத்தத்திலேயே நிறைந்துவந்து நிற்காமல் போனது. அடுத்ததில் தொற்றிக்கொண்டு, வியர்த்துப்போய், உடற்பயிற்சிச் சட்டையோடு அவள் வாசலுக்குள் நுழைந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் இன்னும் பல பிள்ளைகள் அதே சட்டையில்தான் நின்றார்கள். பாவாடை தீர்ந்தது எங்களுக்கு மட்டுமில்லை.

தமிழ் வகுப்பு தொடங்கிய இரண்டாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ரயிலில் தூங்கி ஃபேரர் பார்க்கைத் தாண்டிவிட்டாள். முழித்தபோது டோபி காட். "அம்மா, இங்க நிறைய பேர் இருக்காங்க, எந்தப் பக்கம் ஏறணும்?" என்று அழைத்தாள். குரல் நடுங்கியது. நான் சொல்வதற்குள் அவளே பலகையைப் பார்த்து, "பொங்கோல் போற பக்கம், சரி, சரி" என்று வைத்துவிட்டாள். அன்று வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதம். அதற்குப் பிறகு உட்காருவதில்லை, நின்றுகொண்டேதான் போகிறாள். வீடு வர ஆறரை ஆகும். முதல் தவணை முழுக்கச் சாப்பிட்டதும் சோபாவிலேயே தூங்கிப்போவாள். பாதி நாள் வீட்டுப்பாடம் அரைகுறை. தமிழ் இல்லாத பள்ளியை மூன்றாவதாகப் போட்டிருக்கக் கூடாதோ என்று நானும் அவரும் பேசிக்கொண்ட இரவுகள் உண்டு. ஆனால் பல பள்ளிப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் தமிழ் வகுப்பில் அவளுக்குக் கிடைத்த நாலு சிநேகிதிகளை அவள் பள்ளியில் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஒருத்தி ஈசூனிலிருந்து வருகிறாள்.

போன டிசம்பரில் புதுப் பிள்ளைகளின் பதிவு நாளன்று, பெற்றோர் ஆதரவுக் குழுவில் ஒரு மேசை கொடுத்தார்கள். தாய்மொழி படிக்க வெளியே போகும் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக. நான் கேட்டு வாங்கிய மேசை. ஆறு குடும்பங்கள் வந்தன. 2026 ஜனவரி முதல் பள்ளி நேரம் முழுக்க, இடைவேளையிலும்கூட, உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள் கைத்தொலைபேசி பயன்படுத்த முடியாது என்ற விதி வந்திருந்ததால் பாதிக் கேள்வி அதைப் பற்றித்தான். பள்ளி முடிந்ததும் கையில் வந்துவிடும், ரயிலில் போகும்போது இருக்கும் என்று சொன்னதும் முகங்கள் தெளிந்தன. பேருந்து எண், சாப்பாடு, எந்தக் கிழமை இணைப்பாட நடவடிக்கை வைத்தால் மோதாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒத்திகைக்குப் போவதானால் பள்ளி திறந்த பிறகு ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், டிசம்பரில் போய் ஏமாறாதீர்கள் என்றும்.

கடைசியாக வந்த அப்பா, வேலையிடச் சட்டையோடு நேராக வந்தவர், உட்கார்ந்ததும் கேட்டார்: "அக்கா, என் பொண்ணு எக்ஸ்பிரஸா நார்மலா? எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சிரிப்பை அடக்கிக்கொண்டு சீருடை விலைப்பட்டியலின் பின்பக்கத்தில் நான்கு பாடத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஜி2, ஜி3 என்று போட்டுக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பக்கத்தில் பாப்பா அவருடைய மகளிடம், ஹவ்காங்கில் எந்தக் கதவருகே ஏறினால் ஃபேரர் பார்க்கில் மின்படிக்கு நேரே இறங்கலாம் என்று விரலால் மேசைமேல் ரயில் வரைந்து காட்டிக்கொண்டிருந்தாள்.