கவர்னர் மகள்

அந்த வரியை நான் நீக்கியிருக்க வேண்டியதே இல்லை. வம்சாவளி தேடிக் கொடுப்பது என் வேலை. மேஃப்ளவர் வம்சாவளியினர் சங்கத்தில் சேர ஒரு அம்மா கொடுக்கும் விண்ணப்பம் அது. அதற்கு அந்த வரி உதவியும் இல்லை, இடைஞ்சலும் இல்லை. 1620-ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேற மேஃப்ளவர் கப்பலில் வந்த ஜான் ஹவுலண்டின் வம்சம் என்று காட்டினால் போதும். அவர் மகள் டிசையர் வழியாகப் பதினொரு தலைமுறைக்கும் சான்று வைத்தாயிற்று. ஃபைலை மூட வேண்டியதுதான் பாக்கி.

அந்த அம்மாவுடைய பாட்டியின் நோட்டில் இருந்தது ஒரே வரி: "ஹவுலண்டின் மனைவி எலிசபெத், கவர்னர் கார்வரின் மகள்." குடும்பத்துக்கென்று தனியாக அச்சடிக்கும் புத்தகத்தில் அதை முதல் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தார் அந்த அம்மா. நான் போடவில்லை. "எலிசபெத் டில்லி. ஜான் டில்லி, ஜோன் ஹர்ஸ்ட் தம்பதியின் மகள். ஞானஸ்நானம் 1607 ஆகஸ்ட் 30, ஹென்லோ, பெட்ஃபர்ட்ஷயர்" என்று டைப் செய்து அனுப்பினேன். மறுநாளே போன்.

"அப்போ எங்க பாட்டி பொய் சொன்னாங்களா?"

இந்த வேலையில் மாதம் ஒரு முறையாவது இந்தக் கேள்வி வரும். பதிலும் கைவசம் உண்டு. பிளிமத் குடியேற்றத்தின் முதல் கவர்னரான கார்வரின் வீட்டு வேலையாளாகத்தான் ஹவுலண்ட் கப்பல் ஏறினார். முதல் குளிர்காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் செத்துப்போனார்கள். எலிசபெத்தின் அப்பா அம்மா இருவரும் அதில் அடக்கம். அவளுக்கு 13 வயது. 1621 வசந்தத்தில் கார்வர் போனார், சில வாரத்தில் அவர் மனைவியும். தாய் தகப்பன் இல்லாத பெண், எஜமான் இல்லாத ஆள், சில வருஷம் கழித்து இருவருக்கும் கல்யாணம். சொல்லிச் சொல்லி, எஜமான் மாமனார் ஆகிவிட்டார். பிளிமத் கல்லறை மேட்டில் ஹவுலண்டுக்கு முதலில் வைத்த கல்லிலேயே அப்படித்தான் பொறித்திருந்தார்கள். கார்வருக்குப் பின் கவர்னரான பிராட்ஃபர்ட் எழுதிய பிளிமத் வரலாற்றின் கையெழுத்துப் பிரதி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் பாஸ்டனிலிருந்து காணாமல் போய், லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் மாளிகையில் அகப்பட்டு, 1856-ல் அச்சான பிறகுதான் குட்டு உடைந்தது. டில்லியின் மகள்தான் ஹவுலண்டைக் கட்டினாள் என்று அதில் தெளிவாக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "பாட்டி மேல தப்பில்லைங்க. அந்தக் காலத்துல எல்லாரும் நம்பினதுதான்" என்று முடித்தேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எங்க பாட்டி பொறந்ததே 1889-லதானே?"

"விஷயம் எல்லா ஊருக்கும் உடனே போய்ச் சேர்ந்திருக்காது" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்த நோட்டைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவன் நான். கார்வர் வரி இருந்த பக்கத்தின் மேல் மூலையில் 1931 என்று பாட்டியே எழுதியிருந்தார். அச்சாகி 75 வருஷம். சான்று இல்லை என்று ஒரு வரியை அடித்தவன், அடித்ததற்குச் சமாதானமாக இன்னொரு சான்றில்லாத வரியைச் சொல்லியிருக்கிறேன். பாட்டிக்குத் தெரிந்திருக்கலாம். தெரிந்தும் பிடித்ததை எழுதியிருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்?

நான் செய்தது சரிதான் என்று நினைக்கிற நாளும் உண்டு. ஜான் டில்லி, ஜோன் என்று இரண்டு பேர் கடல் தாண்டி வந்து ஒரு குளிரைக்கூடத் தாண்டாமல் போனார்கள். பெற்ற மகளையும் இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டால் அவர்களுக்கு இங்கே என்ன மிச்சம்? நல்ல வாதம். ஆனால் போனை வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் இது எனக்குத் தோன்றியது. வரியை அடிக்கும்போது டில்லியை நான் நினைக்கவே இல்லை. தப்பு ஒன்று கண்ணில் பட்டது, அடித்தேன்.

எலிசபெத்தின் உயிலை அதற்குப் பிறகு இரண்டு மூன்று தரம் எடுத்துப் படித்துவிட்டேன். 1686 டிசம்பரில் எழுதியது. தன் வயது 79 என்கிறார். ஹென்லோ பதிவேட்டோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. மூத்த மகன் ஜானுக்கு வெள்ளிக் குவளையிலிருந்து ஐந்து பவுண்ட், ஜோசப்புக்கு எடைக்கோல், ஜாபெஸுக்குப் பெரிய இரும்புப் பானையும் அதை அடுப்பின் மேல் மாட்டும் கொக்கிகளும். தலையணை உறை வரைக்கும் யாருக்கு எது என்று எழுதியவர், தன் அப்பா பெயரை எழுதவில்லை. உயிலில் யாரும் எழுதுவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தரமும் தேடுகிறேன்.

அந்த அம்மா பணத்தைக் கட்டிவிட்டார். நோட்டை மட்டும் பத்திரமாக அனுப்பச் சொல்லி இரண்டு வரியில் மெயில் வந்தது. புத்தகத்தை அச்சடித்தாரா தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

எங்கள் ரிப்போர்ட் படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: "குடும்பத்தார் சொல்வது". இந்த மாதிரி வரிகளுக்காகவே வைத்தது. அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை என்று சக ஊழியரிடம் சொல்லியிருக்கிறேன். ஞாபகம் இருந்தது. காலியாக விட்டுத்தான் அனுப்பினேன்.