எம்-சீலில் ஜிம்மி ஸ்பியர்ஸ்: ஆறாவது வாரம்

ஜிம்மி ஸ்பியர்ஸ் என்ற அந்தக் காலத்து ஸ்காட்லாந்துக் கால்பந்து வீரரை எம்-சீல் பசையில் மூன்று பொம்மையாகச் செய்வதாகத் திட்டம். இன்றைக்கு மேசையில் நிற்பது இரண்டு.

விழுந்தது முதல் பொம்மை, ஸ்காட்லாந்து அணி உடையில் இருந்தவர். கட்டுக்கம்பியை ஒற்றை இழையாக விட்டது என் தப்பு, கணுக்காலில் மடிந்துவிட்டது. ஸ்பியர்ஸும் நாட்டுக்காக ஆடியது ஒரே ஒரு ஆட்டம்தான்: 1908இல் வேல்ஸுக்கு எதிராக, டண்டீயில். ஜெயித்தும் மறுபடி கூப்பிடவில்லை. அதனால் அந்தப் பொம்மையைத் திரும்பச் செய்ய எனக்கும் மனம் வரவில்லை.

அடுத்ததற்குக் கம்பியை இரட்டையாக முறுக்கினேன். இவர் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் சிட்டி அணிக் கேப்டன். 1886இல் கிளாஸ்கோவில் பிறந்து ரேஞ்சர்ஸ், கிளைட் அணிகளில் ஆடிவிட்டு 1909இல் அங்கே போனவர். 1911இல் எஃப்.ஏ. கோப்பை என்ற இங்கிலாந்துக் கால்பந்துக் கோப்பையின் இறுதியாட்டம் நியூகாசிலோடு கோலே இல்லாமல் முடிய, நான்கு நாள் கழித்து ஓல்ட் டிராஃபோர்டில் மறு ஆட்டம். அதில் விழுந்த ஒரே கோல் ஸ்பியர்ஸ் தலையால் முட்டியது. அந்தப் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்!

கோப்பைக்கு ஒரு பாசிமணி, கைப்பிடிக்கு வளைத்த குண்டூசி. அந்த வடிவக் கோப்பை அந்த வருடம்தான் புதிதாக வந்தது. செய்து கொடுத்தது பிராட்ஃபோர்டின் ஃபட்டோரினி நிறுவனம். முதலில் வாங்கிப்போனதும் அதே ஊர் அணி.

மாட்டிக்கொண்டது நிறத்தில். அணியின் நிறம் கிளாரட்டும் ஆம்பரும்: கருஞ்சிவப்பும் தேன் மஞ்சளும். பழைய படத்தைப் பார்த்தால் மஞ்சளும் இருட்டாகத்தான் தெரிகிறது. அந்தக் காலத்துப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது, மஞ்சளும் மங்கல், நீலம் மட்டும் வெளுத்து விழும். இது தெரியாமல் படத்தை நம்பி ஆம்பரில் பழுப்பைக் கலந்து, சட்டையைச் சேற்றில் முக்கியது போல் ஆக்கிவிட்டேன். தின்னர் போட்டுத் துடைத்து மறுபடி அடித்தேன். இப்போது பரவாயில்லை.

1912இல் அவர் லீட்ஸ் சிட்டிக்குப் போனார், ஹெர்பர்ட் சாப்மேன் மேலாளராக இருந்த அணிக்கு. அதற்குப் பொம்மை இல்லை. நேரே 1915, முதல் உலகப் போர். மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருந்தும் தானாகப் போய் கேமரன் ஹைலேண்டர்ஸ் என்ற ஸ்காட்லாந்துப் படையில் சேர்ந்தார்.

அந்தப் படைக்குக் கில்ட் உண்டு, ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடை. பச்சை, கருநீலக் கட்டத்தின் மேல் சிவப்புக் கோடு, மெல்லிய மஞ்சள் கோடு. மூன்று முடி மட்டும் விட்டு வெட்டிய பிரஷ்ஷால் நான்கு ராத்திரி வரைந்தேன். ஐந்தாம் நாள்தான் கண்ணில் பட்டது: போர்முனையில் கில்ட்டின் நிறம் எதிரிக்குத் தெரியக் கூடாது என்று மேலே காக்கி ஏப்ரன் கட்டிவிடுவார்களாம். நான்கு ராத்திரியும் துணிக்கு அடியில்!

மூடவும் மனமில்லை, திறந்தே விட்டால் பொய். பழைய காடாத் துணியில் சின்ன ஏப்ரன் வெட்டி, தேயிலைத் தண்ணீரில் ஊறவைத்து, இடுப்பில் மட்டும் ஃபெவிகால் தொட்டு ஒட்டினேன். நகத்தால் தூக்கினால் கட்டம் தெரியும்.

சட்டை மார்பில் இன்னும் மிலிட்டரி மெடல் ரிப்பன் பாக்கி. வீரத்துக்காகக் கிடைத்தது. 1917 ஆகஸ்ட் 20 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரே அருகே அவர் இறந்தபோது வயது 31. ரிப்பனில் நீலம், வெள்ளை, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, நீலம்: ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் ஏழு கோடு. பிரஷ்ஷில் இன்னும் ஒரு முடியை வெட்ட வேண்டும்.