பட்டவர் எழுதிய புத்தகம்

"உண்மைக் குற்றக் கதை ஏதாவது இருக்கா?" என்று கேட்டு வருகிறவரிடம் உடனே அலமாரியைக் காட்டிவிடக் கூடாது. நூலகமோ புத்தகக் கடையோ, சென்னையில் இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையாகப் பிரிக்கலாம். கோடம்பாக்கத்து உதவி இயக்குநர் ஒருவர். அவருக்கு 'ரியல் கேஸ்' வேண்டும். சட்டம் அல்லது இதழியல் படிக்கிற மாணவர் ஒருவர். மூன்றாமவர் எதையும் விளக்க மாட்டார், தலைப்புகளை மட்டும் மெதுவாகப் பார்த்துக்கொண்டே நகர்வார். மூவருக்கும் ஒரே புத்தகத்தை நீட்டினால் இரண்டு பேருக்காவது அது தவறான புத்தகம்.

முதலில் கேட்க வேண்டியது, யார் எழுதியதாக இருக்க வேண்டும் என்பதைத்தான். செய்தவர் எழுதியதா, துப்புத் துலக்கியவர் எழுதியதா, பட்டவர் (குற்றத்தாலோ வழக்காலோ பாதிக்கப்பட்டவர்) எழுதியதா? ஓய்வுபெற்ற காவல் அதிகாரிகளின் நினைவுகள் தமிழில் குறையில்லாமல் கிடைக்கின்றன. பட்டவர் எழுதியவைதான் மெலிந்த வரிசை.

செய்தவர் எழுதிய கதைக்கு நம் ஊரிலேயே பெரிய முன்னுதாரணம் உண்டு. மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிட முனைந்தபோது சிறைத்துறை ஆட்சேபித்தது. அந்த வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் பதிப்பாளர்களுக்கு அரிச்சுவடி: நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் இருப்பதை ஒருவர் சம்மதம் இல்லாமலே எழுதலாம், அதைத் தாண்டி அவருடைய அந்தரங்கத்துக்குள் போனால் வழக்கைச் சந்திக்க வேண்டும், அதிகாரிகள் முன்கூட்டியே தடை போட முடியாது. பாலியல் வன்கொடுமைக்கும் கடத்தலுக்கும் ஆளானவர்களின் பெயர் பொதுப் பதிவில் இருந்தாலும் அம்பலமாகக் கூடாது என்று ஒரு விலக்கும் வைத்தது. அந்த விலக்குதான் இந்த வரிசைக்கு முக்கியம். ஆட்டோ சங்கர் 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் கதை கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் பட்டவர் எழுதியதோடு சேர்த்து அடுக்க வேண்டாம்.

அடுக்குவது சின்ன விஷயம் போலத் தோன்றும். நூலகங்கள் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்கும் டூயி பகுப்பில் கொலைக்கு 364.1523, ஆள்கடத்தலுக்கு 364.154, குற்றத்துக்கு ஆளானவர்களுக்கு 362.88. கடத்தப்பட்டவரின் நினைவு நூலை 364-ல் வைத்தால் பக்கத்திலேயே தொடர்கொலைகாரர்களின் வரலாறுகள் நிற்கும். பரபரப்புக்கு வந்தவர் கையில் அது சிக்கும். 362.88-ல் வைத்தால் தேவைப்பட்டவர் கண்ணில் படும், ஆனால் 'கிரைம்' என்று தேடி வருகிறவர் கண்ணில் படாது. இரண்டு பிரதி இருந்தால் இரண்டு இடத்தில் வைப்பதுதான் வழி. ஒன்றுதான் இருக்கிறதென்றால் 362.88.

தமிழில் முதலில் எடுத்துக் கொடுக்க வேண்டியது மு. சந்திரகுமாரின் 'லாக்கப்'. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் அவர். 1983-ல் ஆந்திராவின் குண்டூரில் செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டு, ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்பட்டதை எழுதினார். புத்தகம் வந்தது 2006-ல். 'விசாரணை' பார்த்துவிட்டு இதைக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்: படத்தின் முற்பகுதிக்குத்தான் இந்தப் புத்தகம் ஆதாரம். ஆடிட்டர் வருகிற சென்னைப் பகுதி இதில் கிடையாது. சொல்லாமல் கொடுத்தால் இரண்டாம் நாளே "பாதிப் புத்தகம் காணோம்" என்று திரும்பி வரும். உதவி இயக்குநர்களுக்கு அந்த முதல் பாதியை விட்டால் வேறு பாடம் தேவையில்லை. வெளியூரில், மொழி தெரியாத காவல் நிலையத்தில், தன் மேல் என்ன புகார் என்றே புரியாமல் உட்கார்ந்திருக்கும் நிலை எந்த வசனத்துக்கும் அடங்காது.

இனி 'விடுதலை' என்ற சொல்லுக்கு வருவோம். தமிழில் இந்த ஒரே சொல் மூன்று நான்கு வேலை செய்கிறது. பின்னட்டையில் "14 ஆண்டுகளுக்குப் பின் விடுதலை" என்று இருந்தால், குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொன்னதா, தண்டனை முடிந்து வந்தாரா, மேல்முறையீட்டில் தப்பினாரா என்று தெரியாது. புத்தகம் பரிந்துரைக்கிறவர் இதைப் பிரித்துச் சொல்லியே ஆக வேண்டும். டெல்லியைச் சேர்ந்த முகமது ஆமிர் கான் நந்திதா ஹக்ஸருடன் சேர்ந்து எழுதிய 'ஃப்ரேம்டு ஆஸ் எ டெரரிஸ்ட்' ஒரு வகை: 1998-ல் கைதாகி, 2012-ல் வெளியே வந்தவர். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனின் 'ரெடி டு ஃபயர்' வேறு வகை: 1994 நவம்பரில் உளவு வழக்கில் கைது, பிறகு சிபிஐ அந்த வழக்கே பொய் என்று அறிக்கை கொடுத்தது, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

பேரறிவாளனின் 'தூக்குக் கொட்டடியிலிருந்து ஒரு முறையீட்டு மடல்' மூன்றாவது வகை. அவர் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991 ஜூனில் 19 வயதில் கைதானார். 2014-ல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது, 2022 மே 18 அன்று முழு நீதி வழங்கத் தனி அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி உச்ச நீதிமன்றம் அவரை வெளியே விட்டது. தீர்ப்பு ரத்தாகவில்லை. ஆனால் அவருடைய வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, வெடிகுண்டுக்காக வாங்கித் தந்ததாகச் சொல்லப்பட்ட பேட்டரிகள் எதற்கென்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதை எழுதாமல் விட்டதாக 2013-ல் வெளிப்படையாகச் சொன்னார். புத்தகம் அதற்கும் முந்தையது. ஆகவே மடலை மட்டும் கொடுத்தால் பாதிதான் கொடுத்தது. கூடவே 2022 தீர்ப்பின் நகலும் வேண்டும். அது உச்ச நீதிமன்ற இணையதளத்திலேயே கிடைக்கும். அரசியல் சார்பு பார்த்து இந்தப் புத்தகத்தை ஒளித்து வைப்பவர்களும் உண்டு, தள்ளிவிடுபவர்களும் உண்டு. தீர்ப்போடு சேர்த்துக் கொடுத்தால் இரண்டுமே தேவைப்படாது.

எந்த நினைவு நூலுக்கும் செய்ய வேண்டிய சோதனை இதுதான்: பதிப்பாண்டைப் பார், வழக்கின் கடைசித் தீர்ப்பு தேதியைப் பார், இரண்டில் எது முந்தி என்று பார். அப்புறம் பதிப்புரிமைப் பக்கத்தில் உரிமை யார் பெயரில், 'உடன் எழுதியவர்' யார் என்று பார். கூட எழுதியவர் இருப்பது குறையல்ல. உணர்ச்சி பட்டவருடையது, கட்டமைப்பு மற்றவருடையது என்ற கணக்கோடு படித்தால் போதும்.

இந்தச் சோதனையை யாருமே செய்யாமல் விட்டதன் விலையை அமெரிக்க எழுத்தாளர் ஆலிஸ் சீபோல்டின் 'லக்கி' காட்டுகிறது. 1981 மே மாதம் சிராக்யூஸில் கல்லூரி மாணவியாக இருந்தபோது அவர் வன்கொடுமைக்கு ஆளானார். சில மாதம் கழித்துத் தெருவில் ஒருவரைப் பார்த்து இவன்தான் என்று நினைத்தார். காவல்துறை வரிசையில் ஆட்களை நிறுத்தியபோது அவர் காட்டியது ஐந்தாவதாக நின்றவரை. சந்தேகத்தில் பிடிக்கப்பட்ட ஆன்டனி பிராட்வாட்டர் நின்றது நான்காவது இடத்தில். அப்படியிருந்தும் நீதிமன்றத்தில் அவரையே அடையாளம் காட்டினார். அதோடு ஒரு தலைமுடியை நுண்ணோக்கியில் ஒப்பிட்ட ஆய்வும் சேர்ந்து தண்டனை ஆயிற்று. 16 ஆண்டு சிறை. 1999-ல் புத்தகம் வந்தது. வரிசையில் ஆள் மாறிப்போனதைப் புத்தகமே மறைக்காமல் எழுதியிருக்கிறது. 22 ஆண்டு அத்தனை பேரும் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போனார்கள். குற்றவாளி என்று சொல்லப்பட்டவருக்குப் புத்தகத்தில் புனைபெயர் கொடுத்திருந்ததால் வழக்கை எடுத்துச் சரிபார்ப்பதும் எளிதாக இல்லை. படமாக்க வந்த தயாரிப்பாளர் ஒருவருக்குச் சந்தேகம் வந்து தனியார் துப்பறிவாளரை அமர்த்தினார். 2021 நவம்பரில் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பதிப்பகம் விநியோகத்தை நிறுத்தியது.

சீபோல்டுக்கு நடந்தது பொய்யல்ல. தனக்கு என்ன நடந்தது என்பதில் பட்டவரின் நினைவை நம்பலாம். செய்தது யார் என்பதில் அதே நினைவு பிசகலாம். ஏன் பிசகுகிறது என்பதை 'பிக்கிங் காட்டன்' (2009) ஒவ்வொரு படியாகக் காட்டுகிறது. ஜெனிஃபர் தாம்ப்சன் 1984-ல் வட கரோலினாவில் தாக்கப்பட்டவர். ரொனால்டு காட்டன் அவரால் தவறாக அடையாளம் காட்டப்பட்டு பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர். இருவரும் சேர்ந்து எழுதியது. முதலில் புகைப்படங்களைக் காட்டினார்கள், பிறகு ஆட்களை நிறுத்தினார்கள். இரண்டிலும் இருந்தவர் காட்டன் ஒருவர்தான். நேரில் பார்த்தபோது முகம் பரிச்சயமாகத் தோன்றியது. அந்தப் பரிச்சயம் புகைப்படத்திலிருந்து வந்ததா, சம்பவத்திலிருந்து வந்ததா என்று மூளை பிரித்துப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, முன்பு எடுத்த படத்திலும் இதே ஆள்தான் என்று போலீஸ் சொன்னதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. மறுவிசாரணையில் உண்மையான குற்றவாளி முன்னால் வந்து நின்றபோது ஜெனிஃபருக்கு அடையாளம் தெரியவில்லை. 1995-ல் டிஎன்ஏ சொன்ன பிறகுதான் காட்டன் வெளியே வந்தார். நம் ஊரில் அடையாள அணிவகுப்பை மாஜிஸ்திரேட் முன் நடத்துவதும், அதற்கு முன்னால் படம் காட்டினார்களா என்று வக்கீல் குறுக்கு விசாரணையில் துருவுவதும் எதற்கு என்று புரியாத சட்ட மாணவருக்கு, பாடப்புத்தகத்துக்கு முன்னால் இதைக் கொடுக்கலாம். 'லக்கி'யையும் இதையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். 'லக்கி' தனியாக வேண்டாம்.

நெடுங்காலச் சிறைவைப்பு பற்றி இரண்டு போதும். ஜேசி டுகார்டின் 'எ ஸ்டோலன் லைஃப்' (2011): 11 வயதில் கடத்தப்பட்டு 18 ஆண்டு கழித்து மீண்டவர். எளிய ஆங்கிலம், அதனால் பதின்பருவத்தினருக்கு என்று பெற்றோர் எடுத்துப் போவதுண்டு. உள்ளே இருப்பது எளியதல்ல, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நடாஷா கம்புஷின் '3,096 டேஸ்': வியன்னாவில் 10 வயதில் கடத்தப்பட்டு, ஐந்து சதுர மீட்டர் அளவிலான நிலவறையில் அடைக்கப்பட்டு எட்டரை ஆண்டு கழித்துத் தானே தப்பியவர். தன் மேல் அனுதாபப்பட வந்தவர்களையே எதிர்த்துப் பேசுகிற எழுத்து. எனக்கு டுகார்டைவிட இதுதான் பிடிக்கும்.

குற்றம் என்றால் கத்தியும் கடத்தலும்தான் என்று நினைப்பவருக்கு நீலம், சேகர் கிருஷ்ணமூர்த்தியின் 'டிரையல் பை ஃபயர்'. 1997 ஜூன் 13, டெல்லி உபகார் தியேட்டர், 59 சாவு. அதில் இவர்களுடைய இரண்டு குழந்தைகளும். கீழே டிரான்ஸ்ஃபார்மரில் பிடித்த தீ, பால்கனிக்கு ஏறிய புகை, கூடுதல் நாற்காலி போட்டு அடைத்த வழி என்று எல்லாம் அளவோடு இருக்கும். மிச்சப் பக்கங்கள் முழுக்க வாய்தா. ஒரு வழக்கு எப்படி இழுபடும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல புத்தகம் இந்தியாவில் நான் பார்த்ததில்லை.

இந்த வரிசையைப் படித்துவிட்டுத் தாமும் எழுத நினைப்பவர்கள் வருவார்கள். வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவில் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. வயது வந்தவர் தன் பெயரில் எழுதலாம். பதிப்பாளர் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும். சம்பவம் நடந்தபோது சிறு வயது என்றால் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் வரும், வக்கீல் பார்க்காமல் அச்சுக்குப் போகக் கூடாது. பெயரை மாற்றிவிட்டு ஊர், பள்ளி, தெரு எல்லாவற்றையும் அப்படியே விடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. பெயர் இல்லாமலே தெருவில் உள்ளவருக்கெல்லாம் ஆள் தெரிந்துவிடும்.

மெதுவாக நகர்கிற அந்த மூன்றாமவரிடம் ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. சானல் மில்லரின் 'நோ மை நேம்' (Know My Name) பொதுவாகச் சரியாக இருக்கும். தாக்குதலைவிட அதற்குப் பின் வந்த மருத்துவமனை, வாக்குமூலம், நீதிமன்றம் ஆகியவைதான் அதில் அதிகம். வழக்கு நடந்த காலம் முழுக்க வேறு பெயரில் இருந்தவர், 2019-ல் புத்தகத்தோடுதான் சொந்தப் பெயரில் வெளிவந்தார். புத்தகத்துக்குள் 181 (பெண்கள் உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) என்ற இரண்டு எண்களும் அச்சிட்ட பக்க அடையாளச் சீட்டு ஒன்றை வைத்துக் கொடுங்கள். எல்லாப் புத்தகத்திலும் வைத்துவிட்டால் யாருக்கென்று குறிப்பாகத் தெரியாது.

திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையில் 'லக்கி'யின் பழைய பிரதி அகப்பட்டால் வாங்கி வைக்கலாம். பழைய பதிப்பில் 2021 தீர்ப்பு இருக்காது. முதல் தாளில் பசையால் ஒரு சீட்டு ஒட்டவும்: "இந்தப் புத்தகத்தில் குற்றவாளியாக வருகிறவர் குற்றமற்றவர். 2021 நவம்பரில் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது." அட்டையின் உள்மடிப்பில் ஒட்டினால் அடுத்த வாசகர் கிழித்துவிடுவார், பிரதியின் முதல் தாளிலேயே ஒட்டவும்.