லீட்டா, றிதமா: ஒரே பாட்டை இரண்டு பக்கமும் வாசித்துப் பார்த்ததில்

யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு இசைக்குழு சேருகிறது, கிற்றார் பிடிக்கிற பெடியள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், இரண்டு பேருக்குமே லீட்தான் (மெட்டையும் தனிப் பகுதிகளையும் வாசிப்பது) வேண்டும். குறைவாகத் தெரிந்தவருக்கு றிதம், அதாவது கோட் என்கிற சுரக்கூட்டைத் தாளத்தோடு அடிப்பது, என்பது எழுதாத விதி. அந்த விதி பிழை. கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் வாசிக்கிற பாட்டுகளை எடுத்துப் பார்த்தாலே அது விளங்கும்.

திரைப்பாட்டில் பல்லவி, சரணம் முழுக்கப் பாடகருக்குக் கீழே ஓடுவது றிதம். லீட்டுக்குக் கிடைப்பது முன்னிசையும், இடையில் வருகிற இரண்டு பிட்டும் (பாடகர் பாடாத இசைத்துண்டு). அதிலும் வயலின், புல்லாங்குழல் இடங்களைக் கீபோட் எடுத்துவிடும். நாலரை நிமிடப் பாட்டில் லீட் முன்னுக்கு வருவது ஒரு நிமிடம் இருந்தால் பெரிது. றிதம் தடுமாறினால் அந்த ஒரு நிமிடத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

யாருக்கு எது என்று கதைத்து முடிவெடுப்பதைவிட, ஒரே பாட்டில் இரண்டு பேரும் இடம் மாறி வாசித்து, போனை அறையின் நடுவில் ஒரு கதிரையில் வைத்துப் பதிவது நல்லது. மெதுவான பாட்டு ஒன்று, வேகமானது ஒன்று, பைலா (இலங்கையின் ஆட்டப்பாட்டு) ஒன்று. அடுத்த நாள், எந்தப் பதிவில் யார் என்று பார்க்காமல் கேட்க வேண்டும். வாசித்த சூட்டோடு கேட்டால் அவரவர் தங்கள் கிற்றாரை மட்டும்தான் கேட்பார்கள்.

றிதத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது வலக்கை. மெற்றோனோமை (அடி எண்ணிக்காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து, ஐந்தாம் பிரெட்டில் (கிற்றார்க் கழுத்தின் குறுக்குக் கம்பி) ஏ மைனர் பார் கோட் (ஒரு விரலைத் தந்திகளின் குறுக்கே வைத்துப் பிடிப்பது) ஒன்றைப் பிடித்து, ஒரு அடிக்கு நாலு வீச்சாக ஐந்து நிமிடம் நிறுத்தாமல் அடிக்க வேண்டும். பிறகு மெற்றோனோமை 40 ஆகக் குறைத்து, அந்த ஒலியை இரண்டாம், நாலாம் அடியாக எண்ணிக்கொண்டு அதே வேகத்தில் வாசிக்க வேண்டும். இங்கேதான் ஆள் பிடிபடும். கொஞ்ச நேரத்தில் ஒலி அடிக்கு நடுவில் விழத் தொடங்கும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சத்தம் வேண்டாத இடத்தில் கையும் நின்றுவிடுகிறது. முன்னங்கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பிக் (தந்தியை அடிக்கும் சிறு தகடு) தந்தியில் படுவதும் படாததும்தான் மாறும். சத்தத்தை நிறுத்துவது இடக்கையின் வேலை. கோட்டைத் தளர்த்தினால் போதும், விரலைத் தந்தியிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்தால் வெறுந்தந்தி அதிரும்.

பைலாதான் உண்மையான சோதனை. அதன் தாளமான ஆறெட்டில், ஆறு வரை எண்ணினால், ஒன்றுக்கும் நாலுக்கும் அழுத்தம் வேண்டும். கையைக் கீழ், மேல் என்று மாறி மாறி ஓடவிட்டால் ஒன்று கீழ்வீச்சில் விழும், நாலு மேல்வீச்சில் விழும். மேல்வீச்சில் பிக் முதலில் தொடுவது மெல்லிய தந்திகளை. அதனால் நாலாவது அடி மெலிந்து, பாட்டு நொண்டுகிற மாதிரிக் கேட்கும். இதற்கு வழி இரண்டு. கீழ்-மேல்-கீழ், கீழ்-மேல்-கீழ் என்று மூன்று மூன்றாக உடைத்து அடித்தால் அழுத்தம் தானாக வரும், ஆனால் அடுத்தடுத்து இரண்டு கீழ்வீச்சு வருவதால் வேகம் கூடும்போது மணிக்கட்டு இறுகிவிடும். மற்றது, மாறி மாறி ஓடவிட்டு, நாலாவது மேல்வீச்சை மட்டும் நடுத் தந்திகளிலிருந்து அழுத்தி இழுப்பது. பழகக் கஷ்டம், ஆனால் கலியாண வீட்டில் விடாமல் இருபது நிமிடம் பைலா போனாலும் கை தாங்கும். இதை வடிவாகச் செய்கிறவரை லீட்டுக்கு மாற்றுவது குழுவுக்கு நட்டம்.

லீட்டுக்கான சோதனை வேகம் இல்லை, சுருதி. இரண்டாம் தந்தியில் பத்தாம் பிரெட்டை வாசித்துக் கேட்டுவிட்டு, எட்டாம் பிரெட்டைப் பிடித்து அதே சுரத்துக்கு வளைக்க வேண்டும். ரியூனரைப் (சுருதி காட்டும் கருவி) பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பலருக்கு அது கொஞ்சம் குறைவாகவே நிற்கும். மோதிரவிரலால் மட்டும் தள்ளுவதுதான் காரணம். பின்னால் மற்ற இரண்டு விரலையும் முட்டுக்கொடுத்து, மணிக்கட்டைத் திருப்பி வளைக்க வேண்டும். கமகம் நிறைந்த மெட்டுகளுக்கு 9–42 தடிமன் உள்ள மெல்லிய தந்தி இலகு. றிதத்துக்குச் சற்றுத் தடித்த 10–46 நல்லது, பலமாக அடித்தாலும் சுருதி ஏறாது. லீட் கேட்கிறவரிடம் இன்னொன்றும் பார்க்கலாம்: வாசிக்கப்போகிற பிட்டை முதலில் வாயால் பாடச் சொல்லுங்கள். பாட முடியாததை விரல் மட்டும் மனப்பாடமாக வாசித்தால், மேடையில் ஒரு சுரம் தவறினாலும் திரும்பிச் சேர இடம் தெரியாது.

றிதம்காரருக்குக் கட்டைக் கணக்கு (பாடகரின் சுருதியைச் சொல்லும் முறை) தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். "ஒன்றரைக் கட்டை" என்றால் சி ஷார்ப். கேப்போவை (எல்லாத் தந்தியையும் ஒரு பிரெட்டில் அழுத்தும் கவ்வி) முதல் பிரெட்டில் போட்டு சி கோட் வடிவங்கள், அல்லது நாலாம் பிரெட்டில் போட்டு ஏ வடிவங்கள். பெண்குரலுக்கு அடிக்கடி வரும் ஐந்தரைக் கட்டை ஜி ஷார்ப். கேப்போ ஒன்றில் ஜி வடிவம், நாலில் ஈ வடிவம். கேப்போ போட்டபின் ஒருமுறை ரியூன் பார்க்காமல் தொடங்க வேண்டாம், அழுத்தத்தில் தந்திகள் சற்று ஏறியிருக்கும்.

இரண்டு பேரும் ஒரே ஜி கோட்டை ஒரே இடத்தில் அடித்தால் சத்தம் கூடும், தெளிவு போய்விடும். ஒருவர் கீழே மூன்றாம் பிரெட்டில் பிடித்தால், மற்றவர் மேல் மூன்று தந்திகளில் மட்டும், மூன்றாம் தந்தி 7, இரண்டாம் தந்தி 8, முதல் தந்தி 7 என்று பிடிக்கட்டும். அதே ஜி மேஜர்தான், ஆனால் பாடகருக்கும் பேஸுக்கும் இடம் விடும். சரணத்தில் லீட்காரர் செய்ய வேண்டியதும் இதுதான். கீபோட்காரர் இடக்கையால் தடித்த கோட் பிடித்தால் அதையும் மேலே ஏற்றச் சொல்லுங்கள்.

சத்தத்தில் நடக்கிற பெரிய பிழை: தனிப் பிட் வரும்போது லீட்காரர் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) கூட்டுவது. கெயின் கூடினால் ஒலி நசுங்கும், முன்னுக்கு வராது. கரகரப்புத் தரும் ஓவர்டிரைவுக்குப் பிறகு, சத்தத்தைக் கூட்டும் ஒரு பூஸ்ட் பெடலை வைத்து 3 முதல் 6 டெசிபல் வரை ஏற்றி, நடு அலைவரிசைகளைக் கொஞ்சம் கூட்டினால் போதும். றிதம் கிற்றாரில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், அது பேஸின் இடம். அம்ப் இல்லாமல் நேரே மிக்சருக்குப் போகிறதென்றால், மல்ரி எஃபெக்ட்ஸ் கருவியில் கபினெற் சிமுலேஷனை (அம்பின் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஒலிக்கச் செய்வது) போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஓவர்டிரைவ் தேனீ இரைகிற மாதிரி வரும். ஜெனரேற்றரும் மின்விளக்குச் சோடனையும் உள்ள மேடையில் ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னொலியாக எடுக்கும் பாகம்) உறுமும். உறுமலை அடக்கும் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் நிம்மதி.

றிதம் கீழ்ப்படி என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு பேர். அமெரிக்க ஜாஸ் கலைஞர் கவுன்ட் பேசியின் இசைக்குழுவில் 1937 இல் சேர்ந்த பிரெடி கிறீன், தனி வாசிப்பை அநேகமாகத் தொடாமலே ஏறக்குறைய 50 வருடம் அந்தக் குழுவின் தாளத்தைத் தாங்கினார். ஏசி/டிசி என்கிற றொக் குழுவின் மல்கம் யங் பிரிட்ஜ் (தந்தியின் அடிமுனை) பிக்கப் ஒன்றை மட்டும் வைத்து, கெயினைக் குறைத்து, தடித்த தந்தியில் வாசித்தார். தம்பி அங்கஸின் லீட் அதன்மேல்தான் நின்றது.

ஆளுக்கு ஒன்று என்று நிரந்தரமாகப் பிரிக்கவும் தேவையில்லை. பாட்டு வாரியாக மாறலாம், ஆனால் மாறுகிற பாட்டுகளை நிகழ்ச்சி நிரலில் அடுத்தடுத்து வையுங்கள். கேப்போவும் பெடல் அமைப்பும் ஒவ்வொரு பாட்டுக்கும் மாறினால் இடைவெளி நீளும். ஒரு கிற்றார்தான் இருக்கிறதென்றால் றிதத்தையே எடுங்கள். பிட் வரும்போது கோட்டை விட்டுவிட்டுத் தனித்தந்திக்குப் போனால் கீழே வெறுமை விழும். அந்த இடத்தில் கீபோட்டைக் கோட் பிடிக்கச் சொல்லலாம், அல்லது மெட்டை மேல் இரண்டு தந்திகளில் மூன்றாம் சுர இடைவெளியில் சேர்த்து வாசிக்கலாம்.