மதுரைக்குப் போகும் மாங்காய்

மதுரை அக்காவும் நானும் ஆளுக்கொரு குட்டி குயில்ட் (நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் துணி விரிப்பு) தைத்து, தபாலில் மாற்றிக்கொள்கிறோம். என்னுடையது ஒருவழியாக முடிந்தது. 12 அங்குலச் சதுரம்தான். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து போகிறதே, மாங்காய் இல்லாமல் எப்படி? அம்மாவின் பழைய மஞ்சள் பருத்திப் புடவையில் வெட்டி, ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன். மாங்காயின் மூக்கு நுனியில் துணி திரண்டு நின்றது. மூன்று முறை பிரித்து, மடிப்புக்குள் இருந்த மிச்சத் துணியைக் கத்தரித்த பிறகுதான் கூர் வந்தது. அப்புறம் மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கைத்தையல். அதில்தான் மாங்காய் உப்பி எழுந்தது! தடவிக்கொண்டே இருந்தேன்.

மதுரை அக்கா தைத்து அனுப்பிய குயில்ட் நேற்றே வந்துவிட்டது. எல்லாம் சுங்குடித் துண்டுகள், துணியில் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியவை. முடிச்சுப் போட்ட இடங்களில் அந்தச் சின்னச் சுருக்கம்கூட அப்படியே இருக்கிறது. நல்லவேளை, அவர் இஸ்திரி போடவில்லை. கூடத்துச் சுவரில் மாட்டியாச்சு.

என்னுடையது நாளைக் காலை தபாலில் கிளம்புகிறது, அக்கா.