இசை இதழ்களின் முன்னட்டையை ஆராய்ந்த அனுபவம்

ஊடகப் பாடத்துக்காக ஒரு புது இசை இதழின் முன்னட்டையை வடிவமைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன், ஏற்கெனவே வந்த இதழ்களை ஆராய்ந்து ஒரு கோப்பு தர வேண்டும். பலரும் இந்தப் பகுதியை ஒப்புக்குச் செய்துவிட்டு நேராகக் கணினியில் படம் ஒட்டப் போய்விடுகிறார்கள். எனக்கு வடிவமைப்பைக் கற்றுக்கொடுத்ததே இந்த ஆராய்ச்சிதான்.

எந்த இதழ்களை எடுப்பது? ஒரே நாட்டில், வேறு வேறு வாசகர்களை நம்பி விற்றவற்றை எடுத்தால் ஒப்பிட வசதி. அதனால் பிரிட்டனின் கெராங், க்யூ, மோஜோ மூன்றையும் வைத்துக்கொண்டேன். 1981இல் தொடங்கிய கெராங், ராக், மெட்டல் ரசிகர்களுக்கானது. க்யூ 1986இல் தொடங்கி 2020இல் நின்றுபோனது. 1993இல் வந்த மோஜோ, பழைய ராக் இசையை ஊன்றிப் படிப்பவர்களுக்கானது.

அட்டைகளைச் சேர்த்ததும் முதலில் அவற்றைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். அந்த அளவில் கண்ணுக்குத் தெரிவது இதழின் பெயரும் ஒரு முகமும் மட்டும்தான். மற்றதெல்லாம் கையில் எடுத்த பிறகு படிப்பதற்கு.

அப்புறம் மெல்லிய தாளை அட்டைமேல் வைத்து பெயர், படம், கவர்லைன் (உள்ளே இருக்கும் கட்டுரைகளை அறிவிக்கும் வரிகள்), பார்கோடு எல்லாவற்றையும் வெறும் கட்டங்களாக வரைந்தேன். நேரம் அதிகம் பிடித்தது இதற்குத்தான். பலன் கிடைத்ததும் இதில்தான். படத்தின் கவர்ச்சி போய்விடுவதால், எது எங்கே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. க்யூவின் சிவப்புச் சதுரமும் அதற்குள் இருக்கும் Q என்ற ஒற்றை வெள்ளை எழுத்தும் மேலே இடது மூலையில் உட்கார்ந்திருக்கும். கடையில் இதழ்களை ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏற்றி அடுக்கும்போது வெளியே தெரிவது இடது ஓரம்தான். அந்த ஓரத்திலேயே முழுப் பெயரும் அடங்கிவிடுகிறது. முக்கியமான கவர்லைன்களை இடது மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்கும் வழக்கத்துக்கும் இதுவே காரணம்.

கெராங்கின் பெயர் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தால், உடைந்த கண்ணாடி மாதிரி கீறல்கள் ஓடும். கவர்லைன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே போஸ்டர் இருக்கிறது என்ற அறிவிப்பும் அடிக்கடி வரும். மோஜோவில் இந்தக் கூச்சல் குறைவு. ஒரு கலைஞரின் பெரிய படம், அட்டையின் அகலத்துக்குப் பெயர், இலவச சிடி பற்றிய அறிவிப்பு. கலைஞரின் தலை பெயரின் ஒரு பகுதியை மறைத்தாலும் அவர்கள் கவலைப்படுவதில்லை. பாதி எழுத்து தெரிந்தாலே வாசகருக்கு அடையாளம் புரிந்துவிடும். ஆனால் புதிதாக வரும் இதழுக்கு அந்தச் சலுகை கிடையாது. என் கோப்பில் நான் அடிக்கோடிட்டு எழுதியது இதைத்தான்.

வழக்கங்கள் ஓரளவு பிடிபட்ட பிறகு, அவற்றை மீறிய அட்டை ஒன்றைத் தேடினேன். 1981 ஜனவரி 22 தேதியிட்ட ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இதழ் கிடைத்தது. பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனன், அவர் மனைவி யோகோ ஓனோ இருவரையும் புகைப்படக் கலைஞர் ஆனி லீபோவிட்ஸ் 1980 டிசம்பர் 8 அன்று எடுத்த படம். அன்று இரவே லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். அட்டையில் இதழின் பெயர் உண்டு, கட்டுரைத் தலைப்பு ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு பேரில் யாரும் கேமராவை நேராகப் பார்க்கவும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் கவர்லைன். உலகமே அறிந்த செய்திக்கு அது எதற்கு? கவர்லைனின் வேலை என்ன என்பதை, அது இல்லாத இந்த அட்டைதான் எனக்குத் தெளிவாகக் காட்டியது.

என் அட்டைக்கு எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவை. பெயரை எதுவும் மறைக்கவில்லை. அது இடது மேல் மூலையில் தொடங்கியது. பாடகர் வாசகரின் கண்ணை நேராகப் பார்த்தார். பார்கோடு வலது கீழ் மூலைக்குப் போனது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் காரணத்தை எழுதினேன்.

கடைசியாக, கவர்லைன்களை எடுத்துவிட்டு அட்டையைத் தெரிந்தவர்கள் சிலரிடம் காட்டி, இது எந்த வகை இசைக்கான இதழ் என்று கேட்டேன். பெரும்பாலானவர்கள் சரியாகவே சொன்னார்கள். எதை வைத்துச் சொன்னீர்கள் என்றதற்கு, பாடகரின் உடையைவிடப் பெயரின் எழுத்துருவைத்தான் அதிகம் பேர் காட்டினார்கள். அந்தப் பதில்களையும் சேர்த்துக் கோப்பைக் கொடுத்தேன்.