மாலத்தீவில் நண்பர்களோடு ஐந்து நாள்: ஒரே தீவு போதும்

பழைய நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து கடலோரம் ஓய்வெடுக்கக் கிளம்புகிறீர்கள், இடம் மாலத்தீவு என்றால் ரிசார்ட்டை மறந்துவிடுங்கள். தண்ணீர்மேல் கட்டிய தனித்தனி வில்லாக்கள் தேனிலவுக்குப் பொருத்தம். அரட்டைக்காகப் போகிறவர்களை அவை ஆளுக்கொரு மூலையில் பிரித்துப்போட்டுவிடும். ஊர்மக்கள் வாழும் தீவுகளில் உள்ள சின்ன கெஸ்ட் ஹவுஸ்தான் சரி. ஒரு மாடியை மொத்தமாக எடுத்துக்கொண்டால் ராத்திரி வராந்தா முழுக்க உங்களுடையது. குறட்டை விடுகிறவரை ஓர் அறையில் தனியாகப் போடுவதை முன்பதிவின்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எந்தத் தீவு? முதல் தடவை போகிறவர்களுக்கு மாஃபுஷி. விமான நிலையத்திலிருந்து ஸ்பீட்போட்டில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடை, சாப்பாடு, படகுச் சவாரி எல்லாம் காலடியில். கூட்டம் பிடிக்காதவர்களுக்குப் பக்கத்திலேயே குல்ஹி இருக்கிறது. திமிங்கலச் சுறா பார்த்தே ஆகவேண்டும் என்றால் தெற்கு அரி பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள திகுரா. எதுவானாலும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ‘ஐந்து நாளில் மூன்று தீவு’ என்று போடுகிற திட்டம்தான் பயணத்தைக் கெடுக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் பெட்டி கட்டி, அறையைக் காலி செய்து, படகுக்குக் காத்திருந்து, மறுபடி அறை கிடைக்கும்வரை உட்கார்ந்திருப்பதில் அரை நாள் காணாமல் போகும்.

ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, கடல் அமைதி. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை. விலை இறங்கும், படகு ஆட்டம் ஏறும். விமானம் பகல் இரண்டு மணிக்குள் இறங்கும்படி பாருங்கள். சாயங்கால விமானத்தில் வந்து கடைசி ஸ்பீட்போட்டைத் தவறவிட்டால், விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரான ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி அறைக்குப் பணம் கட்ட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை நாள், படகுகள் குறைவு. வருகைக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாலத்தீவு குடிவரவுத் துறையின் ‘இமுகா’ இணையதளத்தில் பயணிப் படிவத்தை நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கிற தளம் எதுவும் போலி.

ஸ்பீட்போட்டில் முன்பக்க இருக்கைகளுக்கு முண்டியடிக்காதீர்கள். அலைமேல் எழும்பி ‘தொப்’பென்று விழுவது முன்பகுதிதான். முதுகுவலி, கழுத்துவலிக்காரர்கள் பின்னால், எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்காரட்டும். குமட்டல் மாத்திரையைப் படகு புறப்பட்ட பிறகு போட்டுப் பயனில்லை, அரை மணி முன்னதாகவே போடுங்கள்.

நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வருவது பெரும்பாலும் பில்லில்தான். 100 டாலர் என்று காட்டும் அறைக்கு 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 17 சதவீத சுற்றுலா வரியும் சேர்ந்தால் 128 டாலர் 70 சென்ட். அதுபோக, 50 அறை வரை உள்ள கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. ஆறு பேர், நான்கு இரவு என்றால் இதுவே 144 டாலர். இதைக் கிளம்பும் முன்பே பொதுப்பணத்தில் எடுத்து வையுங்கள். டாலர் நோட்டுகள் கிழிசல், கிறுக்கல் இல்லாமல் இருக்கட்டும்.

ஊர்த் தீவுகளில் மது இல்லை. பெட்டியில் கொண்டுபோனால் சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மாஃபுஷியில் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களில் குடிக்க வழி உண்டு. குடித்த அன்று கடலில் இறங்கக் கூடாது, இதில் நட்புக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். நீச்சல் உடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருக்கிறார்கள். ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும் உடை.

இனி ஸ்நார்க்கெலிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது. நாற்பதைத் தாண்டியவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான் அதிகம். மாஸ்க்கை வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசைக்காரர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். வாரை இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் அடைபடும். கண்ணாடி புகைமூட்டமானால் உட்புறம் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தேய்த்து லேசாக அலசுங்கள்.

இறங்கும் முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். போகும்போது ஓட்டத்தை எதிர்த்து, திரும்பும்போது அதோடு. இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் பாதியில் களைத்துப்போகிறார்கள். தீவுகளுக்கு இடையிலுள்ள வாய்க்கால்களில் கடல்மட்டம் ஏறி இறங்கும்போது தண்ணீர் ஆற்றைப்போல ஓடும், வழிகாட்டி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். இழுத்துப் போனால் எதிர்த்து நீந்தாமல் குறுக்காக நீந்தி விலகுங்கள். முடியாவிட்டால் மிதந்தபடி ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். “எனக்கு நீச்சல் தெரியும்டா” என்கிறவருக்கும் மிதவை ஜாக்கெட் உண்டு. இரத்த அழுத்தம், இதயத் தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே வரட்டும். மூழ்குகிறவர் சத்தம் போடுவதில்லை, அதனால் இரண்டிரண்டு பேராக, கைக்கெட்டும் தூரத்தில் நீந்துங்கள்.

டைட்டன் ட்ரிக்கர்ஃபிஷ் என்ற பெரிய கிளாத்தி மீன் கூடு காக்கும்போது துரத்திக் கடிக்கும். அதன் எல்லை, கூட்டிலிருந்து மேலே விரிந்துகொண்டே போகும் புனல் வடிவம். மேலே எழும்பினால் இன்னும் அதன் எல்லைக்குள்தான் இருப்பீர்கள். காலில் மாட்டிய ஃபின்ஸை (நீச்சல் துடுப்பை) அதன் பக்கம் நீட்டியபடி பக்கவாட்டில் விலக வேண்டும். ஆழம் குறைந்த மணலில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை மீன் தானே ஒதுங்கிவிடும். பவளத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள். ஒரு மிதியில் உடைவது வளர்ந்து சேரப் பல வருடங்கள் ஆகும்.

குப்புற மிதக்கும்போது வெயில் உறைக்காது. சாயங்காலம் முதுகும் முழங்கால் பின்புறமும் கொப்பளித்திருக்கும். முழுக்கை நீச்சல் சட்டைதான் நல்லது, சன்ஸ்கிரீன் கிரீமைப் போல அது கரைந்து போகாது. மணல்திட்டுக்குப் போகும் பிக்னிக்கில் நிழல் துளியும் இருக்காது, படகோட்டி குடை கொண்டுவருகிறாரா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

படகுச் சவாரி இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மற்ற நாள்கள் வெறுமனே இருக்கட்டும்.

ஸ்கூபா டைவிங் செய்கிறவர்கள் அதை முதல் மூன்று நாளிலேயே முடித்துக்கொள்ளுங்கள். பல முறை மூழ்கியவர் கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் விடவேண்டும், கடல் விமானமும் இதில் அடக்கம். கிளம்பும் அன்று பெட்டிகளை ஒருமுறை உதறிப் பாருங்கள்: ஆசைக்கு எடுத்த பவளத்துண்டு ஒன்று இருந்தாலும் சுங்கத்தில் எடுத்து அபராதம் போடுவார்கள்.